சம்பளத்தில் வித்தியாசம்: மேனேஜரிடம் பேசுவதா, எழுதிக் கொடுப்பதா, ஹெச்ஆரிடம் போவதா?

சம்பளத்தில் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் யோசிப்பது, மேனேஜரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒப்புக்கொண்ட தொகை கைக்கு வரவில்லையா, அல்லது ஒப்புக்கொண்ட தொகையே மற்றவர்களைவிடக் குறைவா? முதலாவது பிழை. யாரோ ஓர் எண்ணைத் தவறாக ஏற்றியிருக்கிறார்கள் அல்லது ஏற்ற மறந்திருக்கிறார்கள்; திருத்தினால் முடிந்தது. இரண்டாவது, எப்போதோ யாரோ எடுத்த முடிவு. அதை மாற்ற ஒருவர் மனம் வைக்க வேண்டும், பட்ஜெட் வேண்டும், மேலே இரண்டு மூன்று பேரின் ஒப்புதல் வேண்டும்.

பிழையை மனக்குறைபோலப் பேசினால், ஒரு வாரத்தில் முடிகிற வேலை மாதக்கணக்கில் இழுக்கும். முடிவைப் பிழைபோலப் பேசினால், "செக் பண்ணிட்டேன், கணக்கு சரியாத்தான் இருக்கு" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். கீழே வரும் வழிகளில் எது நல்லது என்பது பெரும்பாலும் இந்த முதல் கேள்விக்கான பதிலிலேயே இருக்கிறது.

பிழை என்றால்: சம்பளப் பிரிவா, மேனேஜரா?

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், ஆஃபர் லெட்டர், கடைசியாக வந்த இன்க்ரிமென்ட் கடிதம், வருகைப் பதிவு ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். கையில் வந்த தொகையை மட்டும் பார்த்தால் எங்கே பிழை என்று தெரியாது. வரிப் பிடித்தம் மாறினாலே கையில் வருவது மாறிவிடும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், வேலை செய்த நாட்கள் ஆகியவற்றில் எந்த வரி முந்தைய மாதத்திலிருந்து மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. பதவி உயர்வுக் கடிதம் வந்திருக்கும், ஆனால் சம்பள மென்பொருளில் பழைய கிரேடே இருக்கும். ஷிப்ட் மாறியிருக்கும், ஷிப்ட் படி மாறியிருக்காது. எடுத்த விடுப்புக்கு மாதக் கணக்கு மூடும் தேதிக்குள் ஒப்புதல் விழாததால் அது சம்பளமில்லா விடுப்பாகப் போயிருக்கும். கணக்கு மூடிய பிறகு செய்த ஓவர்டைம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். இந்தக் கடைசி வகை பிழையே இல்லை. பல நிறுவனங்களில் மாதக் கணக்கை மாதம் முடியும் முன்பே மூடிவிடுவார்கள். அந்தத் தேதி தெரியாமல் புகார் கொடுத்தால், அடுத்த முறை உண்மையான பிழையைச் சொல்லும்போதும் காது கொடுக்க மாட்டார்கள்.

மிகவும் குழப்பம் தருவது நாள் கணக்கு. மாதச் சம்பளம் 52,000, இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். 31 நாளால் வகுத்தால் பிடித்தம் சுமார் 3,355. 30-ஆல் வகுத்தால் 3,467. 26-ஆல் வகுத்தால் 4,000. மூன்றும் நடைமுறையில் இருக்கும் முறைகள். உங்கள் நிறுவனத்தின் விதி எது என்பதை விடுப்புக் கொள்கையிலோ வேலை ஒப்பந்தத்திலோ பார்த்து, அதன்படி கணக்குப் போட்டுவிட்டுத்தான் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். மாதத்தின் நடுவில் சேர்ந்தவர்கள், நடுவில் கிரேடு மாறியவர்கள் எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பிழை உறுதியானால் நேராகச் சம்பளப் பிரிவுக்கு எழுதுவதுதான் சிறந்தது. மேனேஜருக்கு அந்த மென்பொருளில் எதையும் மாற்றும் அதிகாரம் இருக்காது. அவரிடம் சொன்னால் அவரும் அதே பிரிவுக்குத்தான் அனுப்புவார், நடுவில் சில நாட்கள் போகும். மின்னஞ்சலில் நான்கு விஷயங்கள் போதும்: எந்த மாதம், சீட்டில் எந்த வரி, வந்தது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு. ஆதாரக் கடிதத்தை இணையுங்கள். மேனேஜருக்கு ஒரு நகல் போடுங்கள்; அவர் பிறர் வாயிலாகக் கேள்விப்படக் கூடாது.

பிழையின் ஊற்று மேனேஜரின் ஒப்புதலாக இருந்தால் மட்டும் வரிசை மாறும். ஓவர்டைம் மணிகளுக்கு, விடுப்புக்கு, ஷிப்ட் மாற்றத்துக்கு அவர் ஒப்புதல் போடாமல் விட்டிருந்தால், சம்பளப் பிரிவு எதையும் செய்ய முடியாது. அவரிடம் முதலில் போங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "12-ம் தேதியும் 13-ம் தேதியும் செஞ்ச ஓவர்டைம் இன்னும் அப்ரூவல்லயே நிக்குது, இந்த மாசக் கணக்கு மூடுறதுக்குள்ள போட்டுட்டா அரியர்ஸ்ல வந்துடும்" என்று சொன்னால் போதும்.

சம்பளம் கூடுதலாக வந்தாலும் சொல்லிவிடுங்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தால், பின்னால் கண்டுபிடிக்கும்போது மொத்தமாகப் பிடிப்பார்கள், நம்பகத்தன்மையும் போகும். நீங்களே முன்வந்து சொன்னால் தவணைகளாகப் பிடிக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

ஒப்பீடு நிற்குமா என்று முதலில் பாருங்கள்

இனி இரண்டாவது வகை. அதே வேலை, அதே பொறுப்பு, பக்கத்து மேசைக்காரருக்குக் கூடுதல் சம்பளம். இது வலிக்கிற விஷயம்; அந்த வலி நியாயமானதும்கூட. ஆனால் மேனேஜரிடம் கொண்டுபோகும் முன் ஒப்பீடு தாங்குமா என்று நீங்களே சோதிக்க வேண்டும்.

இரண்டு எண்களும் ஒரே வகையா? ஒருவர் ஆண்டு மொத்தச் செலவுத் தொகையை (சிடிசி, அதாவது நிறுவனம் அவருக்காக ஓராண்டில் செலவிடும் மொத்தத்தை) சொல்வார், இன்னொருவர் கையில் வருவதைச் சொல்வார். அவருடைய எண்ணில் ஒருமுறை தரும் சேர்க்கை போனஸ் சேர்ந்திருக்கலாம். செயல்திறனைப் பொறுத்து மாறும் பகுதி பாதியாக இருக்கலாம். இரவு ஷிப்ட் படி இருக்கலாம். நிலையான சம்பளத்தை நிலையான சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு கிரேடு, அனுபவம், பணியிடம், சான்றிதழ்கள், அவர் கூடுதலாகச் சுமக்கும் பொறுப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

வித்தியாசம் வருவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. புதிதாகச் சேர்பவரைச் சந்தை விலையில் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வருடாந்தர சதவீதம்தான் கிடைக்கிறது. சந்தை வேகமாக ஏறும் ஆண்டுகளில், ஐந்து வருடம் உழைத்தவரை நேற்று சேர்ந்தவர் தாண்டிவிடுகிறார். இது நிர்வாகத்துக்கும் நன்றாகத் தெரிந்த சிக்கல்தான். ஆகவே "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்பதைவிட "என் சம்பளம் சந்தையோடு நகரவில்லை" என்று முன்வைத்தால் மேனேஜருக்குத் தற்காத்துக்கொள்ள வேண்டிய தேவை வராது. நிறம், பாலினம், சாதி, மதம், மாற்றுத்திறன், கர்ப்பம் போன்றவை காரணம் என்று நம்ப ஆதாரம் இருந்தால் விஷயம் வேறு. அது கீழே வருகிறது.

தகவல் எங்கிருந்து வந்தது என்பது மிக முக்கியம். இருப்பதிலேயே வலுவான ஆதாரம் நிறுவனமே வெளியிட்டது: அதே பதவிக்கான வேலை விளம்பரத்தில் உள்ள சம்பள வரம்பு, உள் சுற்றறிக்கையில் உள்ள கிரேடு அட்டவணை. அடுத்தது, ஆள் சேர்ப்பவர்கள் உங்களிடம் நேரடியாகச் சொன்ன வரம்பு. சக ஊழியர் தானாகச் சொன்ன எண் உங்கள் புரிதலுக்கு உதவும், மேசைமேல் வைக்க உதவாது. சம்பள இணையதளங்களின் சராசரி இருப்பதிலேயே பலவீனமானது, ஏனென்றால் ஒரே பதவிப் பெயருக்குள் பல தட்டு வேலைகள் கலந்திருக்கும். திறந்து கிடந்த கோப்பிலோ, உங்கள் பணிக்காகக் கொடுத்த மென்பொருள் அனுமதியிலோ பார்த்த மற்றவர் சம்பளத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பேச்சு உங்கள் சம்பளத்திலிருந்து உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு மாறிவிடும்.

மேனேஜரிடம் நேரில் பேசுவது

சம்பள ஏற்றத்தாழ்வுக்கு முதல் வழி இதுதான், பெரும்பாலான சூழல்களில். காரணம் எளிமையானது. சம்பளத்தை மாற்றும் அதிகாரம் மேனேஜரிடம் தனியாக இருப்பது அரிது, ஆனால் அவர் ஆதரிக்காமல் அது நடப்பது அதைவிட அரிது. ஹெச்ஆர், நிதிப் பிரிவு, அவருக்கு மேலே உள்ளவர் என்று யார் கேட்டாலும் முதலில் பார்ப்பது "மேனேஜர் என்ன சொல்கிறார்" என்பதை. அவரை உங்கள் பக்கம் வைத்திருப்பதுதான் பாதி வேலை.

நேரில் பேசுவதன் பலம், அவர் எழுத்தில் சொல்ல மாட்டாததைச் சொல்வார் என்பது. "இந்த வருஷம் பட்ஜெட் முடிஞ்சுது, ஆனா அடுத்த காலாண்டுல ஒரு திருத்தத்துக்கு வாய்ப்பு இருக்கு" என்ற தகவல் மின்னஞ்சலில் வராது. பலவீனம், பேசியது காற்றோடு போகலாம் என்பது.

முன்கூட்டியே நேரம் கேளுங்கள், விஷயத்தையும் சொல்லுங்கள்: "என் சம்பளம் பத்தி உங்ககிட்ட அரை மணி நேரம் பேசணும், இந்த வாரம் எப்ப வசதி?" வராந்தாவில் மடக்கினாலோ வேறு கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் எடுத்தாலோ, தயாராக இல்லாதவரின் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் இருக்கும். அவசர வேலை கழுத்தை நெரிக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். அந்தப் பக்கம் உங்களுக்காக அல்ல. அவர் அதை மேலே எடுத்துப்போகும்போது உங்கள் சார்பில் பேசப்போவது அதுதான். சேரும்போது இருந்த பொறுப்புகளும் இப்போது இருப்பவையும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். கடந்த 12 மாதத்தில் செய்தவற்றில் மூன்று, எண்ணோடு. நிறுவனம் வெளியிட்ட வரம்பு. கடைசியாகக் கேட்பது: தொகை, கிரேடு, எந்தத் தேதியிலிருந்து. வாடகை, கடன், பிள்ளைகளின் கட்டணம் ஆகியவற்றை எழுத வேண்டாம். அவை உண்மையான பாரங்கள். ஆனால் மேனேஜரால் அந்தக் காரணங்களை ஒப்புதல் படிவத்தில் நிரப்ப முடியாது.

பேசும்போது இப்படித் தொடங்கலாம்: "நான் சேர்ந்தப்ப இருந்த வேலையும் இப்ப பாக்குற வேலையும் வேற. நம்ம கம்பெனியே இதே பதவிக்குப் போட்ட விளம்பரத்துல 58,000-ல இருந்து 66,000 வரைன்னு இருக்கு. என் நிலையான சம்பளம் 50,000. இதை 60,000-க்குக் கொண்டுவர என்ன செய்யணும்னு உங்ககூடப் பேசத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்பப் போய் "இல்லன்னாலும் பரவாயில்ல" என்று நாமே இறங்கிவிடுவதுதான் பலர் தோற்கும் இடம். ஒரே தொகையைச் சொல்லுங்கள். வரம்பாகச் சொன்னால் அதன் கீழ்முனைதான் உங்கள் கோரிக்கையாகப் பதிவாகும்.

சக ஊழியரின் பெயரை எடுக்காதீர்கள். பெயர் வந்த கணத்திலிருந்து பேச்சு அவர் தகுதியானவரா, அவர் ஏன் சொன்னார் என்று திசை மாறும். உங்களை நம்பிச் சொன்னவர் மாட்டிக்கொள்வார்.

அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. என் நிலையான சம்பளத்தை 60,000-க்குத் திருத்துவது பற்றிப் பேசினோம். ஹெச்ஆரிடம் கேட்டுவிட்டு 20-ம் தேதிக்குள் சொல்வதாகக் கூறினீர்கள். நாம் பார்த்த குறிப்பை இணைத்திருக்கிறேன். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்." நேரடிப் பேச்சின் ஒரே பெரிய குறையை இந்த ஐந்து வரி அடைத்துவிடும்.

முதலிலேயே எழுதிக் கொடுப்பது

எழுத்துக்குப் பதிவு உண்டு, தேதி உண்டு. ஆனால் முதல் அடியே எழுத்தாக இருந்தால் மேனேஜர் பதில் எழுதும் முன் அதை ஹெச்ஆருக்கு அனுப்பி "என்ன சொல்லலாம்" என்று கேட்பார். வரும் பதில் எச்சரிக்கையாக, கொள்கை மொழியில் இருக்கும். அப்படியும் எழுத்து மேலான சூழல்கள் உண்டு: மேனேஜர் வேறு நாட்டில், வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார்; முன்பு வாய்மொழியாக ஒத்துக்கொண்டு பிறகு மறந்தார்; உறவு ஏற்கெனவே கசந்திருக்கிறது; பாகுபாடு என்ற சந்தேகம் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தால் எழுத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஹெச்ஆரிடம் நேராகப் போவது

தகவல் கேட்க ஹெச்ஆர் நல்ல இடம். மேனேஜரிடம் பேசாமல் கோரிக்கை வைக்க மோசமான இடம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "மேனேஜர்கிட்ட பேசினீங்களா" என்பதுதான், அடுத்து அவரைத்தான் அழைப்பார்கள். தன்னைத் தாண்டிப் போனதாக அவர் நினைத்தால் உங்களுக்காக வாதாட ஆள் இல்லாமல் போகும்.

ஆனால் மூன்று கேள்விகளை எந்தத் தயக்கமும் இல்லாமல் கேட்கலாம். என் கிரேடு எது? அந்தக் கிரேடின் சம்பள வரம்பு என்ன? அதில் நான் எங்கே நிற்கிறேன்? மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் ஓர் எண் இருக்கும். உங்கள் சம்பளத்தை வரம்பின் நடுப்புள்ளியால் வகுத்தால் வருவது. நடுப்புள்ளி 60,000, உங்கள் சம்பளம் 51,000 என்றால் 0.85. பல நிறுவனங்களில் வரம்பு 0.80 முதல் 1.20 வரை வைக்கப்படுகிறது. வேலையைப் புதிதாகக் கற்பவர் கீழ்ப் பகுதியில், முழுத் தேர்ச்சியோடு செய்பவர் 1.00-ஐ ஒட்டி இருப்பது பொது வழக்கம். நான்கு வருடம் நல்ல மதிப்பீடு வாங்கிய பிறகும் 0.85-இல் நிற்கிறீர்கள் என்றால், அந்த ஓர் எண் எந்தச் சக ஊழியரின் சம்பளத்தையும்விட வலுவான வாதம். சிலர் வரம்பைச் சொல்ல மறுப்பார்கள். "கீழ் மூன்றில் ஒரு பங்கா, நடுவா, மேலா" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

மேனேஜரே பிரச்சினையின் காரணம், அல்லது கேட்டதற்காகப் பழிவாங்குகிறார் என்றால் தயங்காமல் ஹெச்ஆரிடம் நேராகப் போங்கள், எழுத்தில்.

அப்ரைசல் வரை காத்திருப்பது

மிகப் பாதுகாப்பானதுபோலத் தோன்றுகிற, பெரும்பாலும் நஷ்டம் தருகிற வழி. அப்ரைசல் கூட்டத்தில் உட்காரும்போது தொகை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பட்ஜெட் பூட்டப்படும் முன், அதாவது இரண்டு மூன்று மாதம் முன்பே சொன்னால்தான் மேனேஜர் கணக்கில் சேர்க்க முடியும்.

சாதாரண இன்க்ரிமென்டில் இடைவெளியை அடைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். எட்டுப் பேர் குழு, ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000, மொத்தம் 4,00,000. இன்க்ரிமென்டுக்கு 5 சதவீதம் ஒதுக்கினால் மேனேஜர் கையில் 20,000. உங்கள் இடைவெளியை அடைக்க 8,000 தேவை என்றால் அந்தத் தொகையில் 40 சதவீதம் உங்களுக்கே போகும். மற்ற ஏழு பேருக்கு மீதி 12,000. நல்ல மனம் கொண்ட மேனேஜரும் இதைச் செய்யத் திணறுவார். அதனால் சாதாரண இன்க்ரிமென்டிலிருந்து தனியாக, "சம்பளத் திருத்தம்" என்ற தலைப்பில், வேறு ஒதுக்கீட்டிலிருந்து கேளுங்கள். பல பெரிய நிறுவனங்களில் இதற்குத் தனிப் பணம் இருக்கும், கேட்டவர்களுக்குத்தான் அது போகும்.

காத்திருக்கும்போது இடைவெளி அப்படியே நிற்பதுமில்லை. ஒருவருக்கு 50,000, இன்னொருவருக்கு 56,000. இருவருக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 6,000-ஆக இருந்த இடைவெளி ஐந்தாவது இன்க்ரிமென்டுக்குப் பின் 8,000-ஐத் தாண்டும்.

அடுத்த அப்ரைசல் மூன்று மாதத்துக்குள் வருகிறது என்றால் மட்டும் காத்திருப்பதில் பொருள் உண்டு, அதுவும் இன்றே மேனேஜர் காதில் போட்டுவிட்டு.

வெளி ஆஃபரைக் காட்டுவது

வேகமாக வேலை செய்யும் வழி. சந்தை விலைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஆனால் போகத் தயாராக இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. "வாழ்த்துகள், எப்ப ரிலீவ் ஆகுறீங்க" என்று கேட்டுவிட்டால் திரும்பி வர வழி இல்லை. இருக்கச் சொல்லித் தொகை கூட்டினால், கூட்டியது நிலையான சம்பளத்திலா, அல்லது ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தக்கவைப்பு போனஸா என்று கடிதத்தில் பாருங்கள். அடுத்த ஆண்டு இன்க்ரிமென்டை இதில் கழித்துவிடுவார்களா என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலில் நேர்மையாகக் கேட்டுப் பார்த்து, மறுத்த பிறகு இந்த வழிக்கு வருவதுதான் முறை.

சேர்ந்து கேட்பது

ஒரே கிரேடில் பலருக்கும் அதே குறை இருந்தால் தனித்தனியாகப் போவது வீண். யூனியன் இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேர் கையெழுத்திட்ட கடிதமாகப் போகலாம். தனி ஆள்மீது பார்வை விழாது. "அது அவருடைய செயல்திறன்" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. குறை, பேச்சு மெதுவாக நகரும், உங்களுக்கென்று தனியாக உள்ள வாதங்கள் கரைந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1968 ஜூனில் இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைக்கும் பெண்கள், தங்கள் வேலையைத் திறன் குறைந்த கிரேடில் வைத்ததை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கிரேடில் ஆண்கள் வாங்கிய கூலியின் 92 சதவீதம்; 1970-இல் சம ஊதியச் சட்டம் வரவும் அது தூண்டுகோலானது. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட கிரேடு மாற்றம் 1984-இல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. தொகையும் கிரேடும் வெவ்வேறு கோரிக்கைகள். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு கிரேடை விட்டால், கீழ்க் கிரேடின் உச்சத்தில் முட்டிக்கொண்டு அடுத்த உயர்வு நின்றுவிடும்.

சம்பளத்தை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்று வாய்மொழி மிரட்டல் பல இடங்களில் உண்டு. சட்டம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், மேற்பார்வைப் பதவியில் இல்லாத பெரும்பாலான தனியார் ஊழியர்களுக்கு அந்த உரிமையைக் காக்கிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு இருக்கிறதா என்று அறியும் நோக்கில் பேசுவதை ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவால் தடுக்க முடியாது. உங்கள் நாட்டு விதியையும் ஒப்பந்தத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முறைப்படி புகார், அதற்கு மேல் சட்டம்

பாகுபாடு என்று நம்பக் காரணம் இருந்தால் இந்த வழியைக் கடைசி வழியாக நினைத்து ஒதுக்கக் கூடாது. சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பதை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-லேயே வகுத்துவிட்டது. "சம மதிப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதவிப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை ஒருபடி மேலே போகிறது: தன் சம்பளத்தையும், அதே வகை வேலையில் ஆண் பெண் சராசரிகளையும் எழுத்தில் கேட்கும் உரிமையைத் தருகிறது, நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். உறுப்பு நாடுகள் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

இந்த வழியில் காலக்கெடு எல்லாவற்றையும்விடப் பெரியது. அமெரிக்காவில் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டர் 1997-இன் இறுதியில் மாதம் 3,727 டாலர் வாங்கினார். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286 டாலர். கையெழுத்தில்லாத ஒரு துண்டுக் குறிப்பு வழியாகத்தான் அவருக்கு இது தெரியவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாகுபாடான முடிவு எடுத்த 180 நாட்களுக்குள் புகார் தரவில்லை என்று 2007-இல் தோற்றார். 2009-இல் அவர் பெயராலேயே வந்த சட்டம், பாகுபாடான ஒவ்வொரு சம்பளமும் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும் என்று மாற்றியது. அவருக்கு மட்டும் நிலுவை கிடைக்கவில்லை. ஆகவே மேனேஜரோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் நாட்டின் கெடு என்ன என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ யூனியனிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் பேச்சுவார்த்தைக்காக வெளியே கடிகாரம் நிற்பதில்லை.

மேனேஜரின் பதிலுக்குப் பிறகு

"பட்ஜெட் இல்லை" என்றால் கேட்க வேண்டியது: "எப்ப வரும், அதுல என் பேர் சேர எந்தத் தேதிக்குள்ள என்ன வேணும்?" "செயல்திறன் போதாது" என்றால்: "எந்த மூணு விஷயம் மாறணும்னு எழுதித் தர முடியுமா, ஆறு மாசத்துல திரும்பப் பாக்கலாமா?" "எல்லாருக்கும் இதேதான்" என்றால் கிரேடு வரம்பைக் கேளுங்கள். "பாக்குறேன்" என்றால் தேதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலைநாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதன்பின் ஒரு வாரத்தில் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால், முதல் மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே ஹெச்ஆருக்கு நகல் வைத்து எழுதலாம். இப்போது அது தாண்டிப் போவதாகாது.

ஒத்துக்கொண்டார்கள் என்றால் கடிதம் வரும்வரை வேலை முடியவில்லை. கடிதத்தில் புதிய அடிப்படைச் சம்பளம், கிரேடு, அமலுக்கு வரும் தேதி மூன்றும் இருக்க வேண்டும். தேதிதான் அதிகம் நழுவும். ஜனவரியில் பேசி முடித்த 8,000 உயர்வு ஏப்ரலிலிருந்து என்று எழுதப்பட்டால் 24,000 போய்விடும். முதல் சீட்டு வந்ததும் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டி நகர வேண்டியவை நகர்ந்திருக்கின்றனவா பாருங்கள்: ஓவர்டைம் மணிக்கூலி, ஓய்வூதியப் பங்களிப்பு, சதவீதமாகக் கணக்கிடும் போனஸ், விடுப்புக்கு ஈடான தொகை. அரியர்ஸ் மொத்தமாக வரும் மாதத்தில் வரிப் பிடித்தம் வழக்கத்தைவிட எகிறியிருக்கும். அதற்கு அடுத்த மாதமும் அது இறங்காமல் அப்படியே நின்றால், அரியர்ஸை மாதச் சம்பளமாக எடுத்துக்கொண்டு ஆண்டு வரியைக் கணக்கிட்டிருக்கலாம். சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள்.